மிஷின் நல்லாத்தான் இருக்கு

மரவள்ளிக் கிழங்கு சீசனில் ராசிபுரத்துக்கும் ஆத்தூருக்கும் இடையில் எந்த எடைமேடையில் போய் நின்றாலும் காட்சி ஒன்றுதான். லோடு ஏற்றிய டிராக்டர் மேடையில் ஏறி நிற்கும். ஜன்னலுக்குள் இண்டிகேட்டரில் சிவப்பு எண்கள் ஆடி அடங்கும். கம்ப்யூட்டரில் வண்டி எண்ணும் சரக்கும் மொத்த எடையும் விழும். ஆபரேட்டர் ஒரு பொத்தானைத் தட்டியதும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று தாளை இழுத்துச் சீட்டைத் துப்பும். கிழங்கை இறக்கிவிட்டுக் காலி வண்டி திரும்பி வந்து ஏறினால் காலி எடை, நிகர எடை. அந்தச் சீட்டில் விழும் கிலோவையும் ஆலையில் பார்க்கும் மாவுச்சத்து பாயிண்டையும் வைத்துத்தான் விவசாயி கையில் பணம் வரும். என்றைக்காவது அந்த பிரிண்டர் அசையாமல் நின்றுவிட்டால் பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கும். ஆபரேட்டர் மேசை டிராயரில் கிடக்கும் பில் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையால் எழுதுவார். சர்வீஸ் ஆளுக்குப் போன் போகும். கால் மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுவார்: "சிஸ்டம் பழசாயிருச்சுங்க, மாத்திருங்க."

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. பழைய கம்ப்யூட்டரில் பிரிண்டர் வேலை செய்யாமல் போகும்போது கம்ப்யூட்டர் கெட்டிருப்பதில்லை, பிரிண்டரும் கெட்டிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் பேச்சு நின்றுபோயிருக்கிறது. பேச்சு ஏன் நின்றது, அதைத் திரும்பத் தொடங்கி வைக்கும் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் இரும்பை மாற்றிக்கொண்டே இருப்பது, பஞ்சரான டயருக்காக லாரியை விற்பதற்குச் சமம். அதுவும் இந்த மண்ணில் அப்படிச் செய்வது விந்தை. நாமக்கல்லில் வெறும் சேஸிஸாக வந்து இறங்கும் வண்டிக்குப் பாடி கட்டி அனுப்புகிற பட்டறைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. சங்ககிரியில் லாரியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. சேஸிஸ் செய்தது ஒரு கம்பெனி, பாடி கட்டியது உள்ளூர்ப் பட்டறை, கம்ப்ரஸர் வேறொருவருடையது. இருந்தும் வண்டி ஓடுகிறது. ஏனென்றால் அவை சேரும் இடத்தில் இருப்பது போல்ட்டும் நட்டும். அதன் அளவு யாருக்கும் தெரியும், ஸ்பேனர் எந்தக் கடையிலும் கிடைக்கும். பிரிண்டர் விஷயத்தில் அந்தப் போல்ட்டின் இடத்தில் உட்கார்ந்திருப்பது டிரைவர் எனப்படும் மென்பொருள். அதற்கான ஸ்பேனரைப் பல கம்பெனிகள் தங்கள் பெட்டியிலேயே பூட்டி வைத்துக்கொண்டன. வித்தியாசம் அவ்வளவுதான்.

எந்த இடத்தில் பேச்சு நின்றது என்று கண்டுபிடிப்பது அப்படியொன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஒழுங்கான வரிசையில் போகவேண்டும், அவ்வளவே. முதலில் பிரிண்டரைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிட்டுத் தனியாகச் சோதிக்கவேண்டும். எப்சன் எல்எக்ஸ் வகை டாட் மேட்ரிக்ஸில் தாள் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே சுவிட்ச் போட்டால், அது தானாகவே எழுத்துகளை வரிவரியாக அடித்துக் காட்டும். பல லேசர் பிரிண்டர்களிலும் இப்படி ஒரு சோதனைத் தாள் உண்டு. அந்தத் தாள் சுத்தமாக வந்துவிட்டால் ஹெட், ரிப்பன், மோட்டார், ரோலர் எல்லாம் நலம். இனி பிரிண்டரைத் திட்டவோ தட்டவோ வேண்டியதில்லை. எழுத்தின் நடுவே வெள்ளைக் கோடு ஓடினால் ஹெட்டில் ஒரு பின் போயிருக்கிறது என்று அர்த்தம்; அது தனிக் கதை, அதற்கும் ஆள் இருக்கிறார்கள். அடுத்தது கேபிள். அதற்கடுத்தது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஸ்பூலர். அச்சடிக்கச் சொன்ன வேலைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புகிற குமாஸ்தா அது. பாதியில் கரண்ட் போய் ஒரு வேலை அரைகுறையாக மாட்டிக்கொண்டால் அதற்குப் பின்னால் நிற்கும் அத்தனையும் நின்றுவிடும். ஆபரேட்டர் பொறுமை இழந்து இருபது தடவை பிரிண்ட் தட்டுவார். வரிசை இன்னும் நீளும். ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற அறையில் தேங்கிக் கிடக்கும் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி ஸ்பூலரைத் தொடங்கினால் போதும். கணிசமான 'பிரிண்டர் ரிப்பேர்' இங்கேயே முடிந்துவிடும். ஃபார்மேட் அடிக்கவேண்டும் என்று சொல்கிறவரிடம் இதைச் செய்து பார்த்தாரா என்று கேட்பதில் தவறில்லை.

நெட்வொர்க்கில் மாட்டிய பிரிண்டருக்கு இன்னொரு நோய் உண்டு. ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் கொடுக்கும். கரண்ட் போய் வந்தால் சில நேரம் பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கும். கம்ப்யூட்டர் பழைய முகவரிக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். பதில் வராததால் 'ஆஃப்லைன்' என்று காட்டும். பிரிண்டருக்கு நிலையான எண் ஒன்றைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. இதற்காகவும் புதுப் பிரிண்டர் வாங்கியவர்கள் இல்லாமல் இருக்கமாட்டார்கள்.

உண்மையான சிக்கல் கேபிளிலிருந்து டிரைவர் வரையுள்ள தூரத்தில்தான் இருக்கிறது. பழைய எடைமேடை, புக்கிங் ஆபீஸ், நெல் மண்டி புரோகிராம்கள் பல டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ எழுதப்பட்டவை. அவற்றுக்குத் தெரிந்த ஒரே வாசல் எல்பிடி1, அதாவது கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த 25 துளை கொண்ட பேரலல் போர்ட். புதிய போர்டுகளில் அந்த வாசலையே காணோம். கடைக்காரர் யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் ஒன்றைக் கொடுப்பார். மாட்டினால் விண்டோஸ் பிரிண்டரைக் கண்டுகொள்ளும். நோட்பேடில் அடித்தால் வரும். டாஸ் புரோகிராமில் மட்டும் வராது. காரணம், அந்தக் கேபிள் திறப்பது யுஎஸ்பி001 என்ற வேறு வாசல். புரோகிராம் இன்னும் எல்பிடி1 வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். இதற்கும் வழி இருக்கிறது. பிரிண்டரை அதே கம்ப்யூட்டரில் ஷேர் செய்து, 'நெட் யூஸ்' என்ற ஒரு வரிக் கட்டளையால் எல்பிடி1க்கு வருவதையெல்லாம் அந்த ஷேருக்குத் திருப்பிவிட்டால் சீட்டு வந்துவிடும். டிரைவராகக் கம்பெனி கொடுத்ததைப் போடாமல், விண்டோஸோடு வரும் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற எளிய டிரைவரைப் போட்டால் இன்னும் நல்லது. எழுத்தைப் படமாக மாற்றி மெதுவாக இழுக்காமல் சடசடவென்று அடித்துத் தள்ளும்.

இந்த எளிய டிரைவர் எப்படி எல்லா டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கும் பொருந்துகிறது என்பதில்தான் வாதத்தின் மையம் இருக்கிறது. 1980 வாக்கில் எப்சன் தன் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களுக்கு ஒரு கட்டளை மொழி வைத்தது. அதன் பெயர் இஎஸ்சி/பி. கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். அதில் ஒளிவுமறைவு கிடையாது: 15 என்ற எண்ணை அனுப்பினால் எழுத்து சுருங்கும், 18 அனுப்பினால் பழையபடி விரியும், 12 அனுப்பினால் தாள் அடுத்த பக்கத்துக்குத் தாவும், 27ஐத் தொடர்ந்து ஆங்கில 'E' எழுத்தை அனுப்பினால் தடித்து விழும். கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். மற்ற கம்பெனிகளும் அதே மொழியைத் தங்கள் பிரிண்டருக்குக் கற்றுக்கொடுத்தன. நம் ஊரில் டிவிஎஸ், வெப் பிரிண்டர்களும் அதைப் புரிந்துகொள்பவைதான். அதனால் 1990களில் எழுதிய புரோகிராம் இன்று கடையில் வாங்கும் டாட் மேட்ரிக்ஸிடம் அதே எண்களைச் சொன்னால் அது தலையாட்டிக் கேட்கிறது. நடுவில் விண்டோஸ் எத்தனை பதிப்பு மாறியது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. டாட் மேட்ரிக்ஸ் பிழைத்திருப்பதற்கு ரிப்பன் மலிவு என்பதை மட்டும் காரணமாகச் சொல்வார்கள். அந்தப் பொது மொழி அதைவிடப் பெரிய காரணம் என்றே தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம், சேலம் செவ்வாய்ப்பேட்டை முதல் பரமத்தி வேலூர் வரை கணக்கர் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, பள்ளிக்கூட அலுவலகம் என்று எங்கும் குடியிருக்கும் இரண்டு லேசர் பிரிண்டர்களில் இருக்கிறது: எச்பி 1020, கேனன் 2900. பிராண்ட் வேறு, விலைச்சீட்டு வேறு. உள்ளே இருக்கும் எஞ்சின் ஒரே குடும்பம். கேனன் செய்த எஞ்சின்தான் எச்பியிலும். அதனால்தான் 12ஏ என்று சொல்லி வாங்கும் டோனர் கார்ட்ரிட்ஜ் இரண்டிலும் பொருந்துகிறது. தெருமுனையில் உட்கார்ந்து ரீஃபில் செய்பவருக்கு இது மனப்பாடம். டிரம், பிளேடு, ரோலர் எல்லாம் தனித்தனியாகக் கடையில் கிடைக்கும். ஆனால் ஒன்றின் டிரைவர் மற்றொன்றிடம் ஒரு வார்த்தை பேசாது. இரண்டுமே செலவைக் குறைப்பதற்காகப் பக்கத்தை உருவாக்கும் மூளை வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிட்டவை. எச்பி 1020 இதில் ஒரு படி மேலே போய், தன்னை இயக்கும் ஃபர்ம்வேரைக் கூட உள்ளே நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் டிரைவர் அதைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பவேண்டும். அனுப்பும்வரை அது விளக்கெரியும் பெட்டி, அவ்வளவுதான். இரும்பையும் பிளாஸ்டிக்கையும் நம்மவர்கள் பிரித்து மேய்ந்துவிட்டார்கள், மொழி மட்டும் கைக்கு அகப்படவில்லை. இருபது வருஷம் உழைக்கக்கூடிய எஞ்சின், ஒரு கோப்பு இல்லை என்பதற்காக ஐந்தாம் வருஷமே பழைய இரும்புக்குப் போகலாம் என்றால் அந்த எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிப்பது யார்?

அந்தக் கோப்பு எப்படி இல்லாமல் போகிறது என்பதையும் பார்த்துவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. ஆதரவு முடிந்த நாளில் கம்ப்யூட்டர் நிற்பதில்லை, மறுநாளும் ஓடும். ஆனால் ஹார்டுடிஸ்க் போய்ப் புதிதாக ஒன்றை மாட்டும் நாளில் கடைக்காரர் கையில் இருப்பது புதிய விண்டோஸ். அது 64 பிட். 32 பிட்டுக்கு எழுதிய டிரைவர் அதில் ஏறாது. 16 பிட் டாஸ் புரோகிராம் அதில் நேரடியாக ஓடவே ஓடாது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பு என்று ஒன்றே கிடையாது. போதாக்குறைக்கு, 2017க்கு முந்தைய இன்டெல் பிராசஸர் பெரும்பாலானவற்றை அது அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொள்வதும் இல்லை. ஆக ஹார்டுடிஸ்க் ஒன்று போனதற்காகக் கம்ப்யூட்டர், அதற்காக விண்டோஸ், அதற்காகப் பிரிண்டர், அதற்காக எடைமேடை புரோகிராம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றவேண்டி வருகிறது. எலிக்குப் பூனை, பூனைக்குப் பால், பாலுக்குப் பசு வாங்கிய சாமியார் கதைதான்.

எதுவும் மாற்றாமலே பிரிண்டர் நின்றுபோன வரலாறும் உண்டு. 2021 செப்டம்பரில் உலகம் முழுக்கப் பல ஆபீஸ்களில், ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பலரும் பயன்படுத்திவந்த பிரிண்டர்கள் திடீரென்று அச்சடிக்க மறுத்தன. திரையில் 0x0000011b என்ற எண் மட்டும். பிரிண்டரை யாரும் தொடவில்லை, கேபிளை யாரும் பிடுங்கவில்லை. நடந்தது இது: அந்த வருஷம் ஜூலை வாக்கில் 'பிரிண்ட் நைட்மேர்' என்று பெயரிடப்பட்ட ஓட்டை விண்டோஸ் ஸ்பூலரில் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் வழியே வெளியாள் ஒருவர் கம்ப்யூட்டரை முழுசாகக் கைப்பற்றலாம். மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தங்களை விட்டது. அதையொட்டி, ஸ்பூலரில் அதே ஆண்டு ஜனவரியில் அறிவித்திருந்த வேறொரு கட்டுப்பாடும் செப்டம்பர் அப்டேட்டில் கட்டாயமாக்கப்பட்டது. கம்ப்யூட்டர்கள் அச்சு வேலையைப் பரிமாறும்போது பலமான அடையாளச் சோதனை கேட்கவேண்டும் என்பது விதி. ஒரு பக்கம் புதிய அப்டேட், இன்னொரு பக்கம் பழைய விண்டோஸ் என்றிருந்த இடங்களில் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள மறுத்தனர். அப்டேட்டை நீக்குவது, ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்குவது, பிரிண்டரை நேரே நெட்வொர்க் முகவரியில் மாட்டுவது என்று சர்வீஸ்காரர்கள் ஆளுக்கொரு வழி பிடித்தார்கள். இவற்றில் கடைசி வழிதான் நிஜமாகவே சரி. முதல் இரண்டும் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவு சுலபமாகத் திறக்கிறது என்று மகிழ்வது.

இங்கே எழும் எதிர்ப்பு கனமானது. பழைய விண்டோஸ் ஆபத்து என்பதற்கு அதே பிரிண்ட் நைட்மேரே சாட்சி. அப்படியிருக்க பழைய கம்ப்யூட்டரைக் காப்பாற்றச் சொல்வது பொறுப்பான பேச்சா? கேள்வி நியாயம். பாங்க் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் திறக்கும் கம்ப்யூட்டரில் எக்ஸ்பி ஓடக்கூடாது. ஓடவும் முடியாது, இன்றைய பாதுகாப்பான தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 எக்ஸ்பியோடு வந்த பிரவுசருக்குத் தெரியாது. ஆனால் எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு இணையம் எதற்கு? ஒரு பக்கம் இண்டிகேட்டரின் சீரியல் கேபிள், மறு பக்கம் பிரிண்டர். உலகத்தோடு அதற்கு வேறு சங்காத்தம் இல்லை. இ-வே பில் போட வேறொரு கருவி இருக்கட்டும், செல்போனே போதும். வெளித் தொடர்பை வெட்டிவிட்ட பழைய கம்ப்யூட்டர், அரைகுறையாக அப்டேட் செய்து கள்ளச் சாவி போட்டு ஓடும் புதிய விண்டோஸைவிடப் பத்திரமானது. ஆபத்து எங்கே வருகிறது என்றால், அதே கம்ப்யூட்டரில் மதியம் சினிமா பார்க்க யாராவது டாங்கிள் சொருகும்போதும், கண்டவர் கொண்டுவரும் பென்டிரைவை நுழைக்கும்போதும்தான். அதைத் தடுக்கப் புதுக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

காகிதமே எதற்கு என்பார் இன்னொருவர். இ-வே பில் 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கும், தமிழ்நாட்டுக்குள் அதே ஆண்டு ஜூன் 2 முதலும் வந்தாயிற்று; சட்டப்படி டிரைவர் கையில் அதன் எண் இருந்தாலே போதும், அச்சிட்ட தாள் கட்டாயமில்லை. உண்மைதான். ஆனால் அதே ஜிஎஸ்டி விதிகள் சரக்குக்கான பில்லை மூன்று படிகளாகப் போடச் சொல்கின்றன: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று. இ-இன்வாய்ஸ் போடுகிறவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயம். நம் மண்டிக்காரர்களிலும் சிறு ஆலைக்காரர்களிலும் பலர் அதற்குக் கீழே இருப்பவர்கள்தான். லாரி ரசீதும் அப்படியே. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் அதை மூன்று படிகளில் கொடுக்கச் சொல்கிறது. மூன்று தாளை அடுக்கி நடுவில் கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்றையும் எழுத, ஊசியால் குத்தும் டாட் மேட்ரிக்ஸ் போல அடித்து எழுதும் இயந்திரத்தால்தான் முடியும். லேசரிலும் இங்க் டேங்க்கிலும் மூன்று தடவை அடிக்கலாம். ஆனால் அவை மூன்று தனித்தனித் தாள்கள். கார்பன் படிகள் மூன்றும் ஒரே அடியில் விழுந்தவை; ஒன்றில் மட்டும் கைவைத்தால் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். நாக்பூரில் சரக்கை இறக்கும் இடத்தில் 'எங்க காப்பியில வேற எடை இருக்கே' என்று தகராறு வரும்போது அந்தப் பழைய நுட்பத்தின் அருமை தெரியும்.

புதுப் பிரிண்டர்தான் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறதே என்ற வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. விலை பிரிண்டருடையது மட்டும் என்றால் சரி. அதைத் தொடர்ந்து புரோகிராமை மாற்றி எழுத ஆகும் செலவு, ஆபரேட்டர் புதிதாகப் பழக ஆகும் நாள், எடை இண்டிகேட்டரோடு பொருத்திப் பார்க்கும் வேலை இவற்றைக் கூட்டினால் கணக்கு வேறு. தூக்கிப் போட்டது எங்கே போகிறது என்பதும் ஒரு செலவு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளில் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பழைய இரும்புக் கடை தராசுக்கு அது தெரியாது.

கடைசி எதிர்ப்பு கம்பெனிகள் தரப்பிலிருந்து வரும். காலாகாலத்துக்கும் ஒவ்வொரு மாடலுக்கும் டிரைவர் எழுதிக்கொண்டே இருக்கமுடியுமா? முடியாது. அப்படி யாரும் கேட்கவும் வேண்டாம். கேட்பது வேறு: மொழியைச் சொல்லிவிடுங்கள், எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்வார்கள். இந்தக் கோரிக்கைக்கு வயது நாற்பதுக்கு மேல். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அடிக்கடி தாள் சிக்கும். பிரிண்டர் இருப்பது ஒரு மாடி, உட்கார்ந்திருப்பது வேறு மாடி. தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் சொல்லும்படி ஒரு திருத்தம் போட ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோகிராமர் நினைத்தார். முந்தைய பிரிண்டருக்கு அப்படிச் செய்தும் இருந்தார்கள். புதியதன் மூலநிரல் கிடைக்கவில்லை. வைத்திருந்தவர் வெளியே கொடுப்பதில்லை என்று எழுதிக்கொடுத்திருந்தார். 1983 செப்டம்பரில் அவர் அறிவித்த குனு திட்டத்துக்கு இந்த மனக்கசப்பும் ஒரு வித்து. லினக்ஸ் வரை நீண்ட ஒரு பெரிய இயக்கத்தின் ஆரம்பத்தில் தாள் சிக்கிய பிரிண்டர் ஒன்று நிற்பது வேடிக்கைதான். எச்பி 1020க்கே கூட, அதன் மொழியை வெளியிலிருந்து ஆராய்ந்து லினக்ஸுக்கு டிரைவர் எழுதிக் கொடுத்தவர்கள் தன்னார்வலர்கள். தமிழ்நாட்டில் 2007 வாக்கில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தலைமையில் லினக்ஸுக்கு மாறியதை நினைவுபடுத்திக்கொள்ளலாம். அந்த முயற்சி பரவலாக நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் நம் அரசு அலுவலகங்களின் பழைய பிரிண்டர்களில் எத்தனையோ இன்னும் உயிரோடு இருந்திருக்கும்.

கம்பெனிகளும் இப்போது தாமாகவே பொது மொழிக்கு வந்துகொண்டிருக்கின்றன என்பது இந்த வாதத்துக்குப் பலம். 2010இல் ஆப்பிள் ஏர்பிரிண்ட் கொண்டுவந்தபோது, செல்போனில் ஆயிரம் டிரைவர்களை ஏற்ற முடியாது என்ற நெருக்கடியிலிருந்து டிரைவரே இல்லாத அச்சு பிறந்தது. ஐபிபி என்ற பொது மொழி அதன் அடித்தளம். மைக்ரோசாஃப்ட்டும் 2023இல், மற்ற கம்பெனிகளின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2027 ஜூலை முதல் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். இனி வாங்கும் பிரிண்டருக்கு இது நல்ல செய்தி. நடுவில் மாட்டிக்கொண்டவை, 2000க்கும் 2015க்கும் இடையில் மலிவு விலையில் வந்து தனி மொழி பேசும் லட்சோபலட்சம் பிரிண்டர்கள்தான். டாட் மேட்ரிக்ஸ் அவற்றுக்குத் தாத்தா. ஆனாலும் தாத்தா பிழைத்துக்கொள்வார். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு தளத்தைத் தொடங்கியது. கார், டிராக்டர், செல்போன் உதிரிபாகம் பற்றியெல்லாம் அந்த உரிமையை ஒட்டிப் பேசுகிறார்கள். பழைய டிரைவர் கோப்பும் உதிரிபாகம்தான், ஆதரவை நிறுத்துகிற நாளில் அதையும் அதன் மொழிக் கையேட்டையும் பொதுவில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி சேரவேண்டும்.

டாட் மேட்ரிக்ஸின் பொது மொழிக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. இஎஸ்சி/பிக்குத் தமிழ் தெரியாது. 'டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரில் தமிழ் எழுத்தை அனுப்பினால் கேள்விக்குறிகள் வரிசையாக விழும். டாஸ் காலத்தில் சிடாக் என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டைக் கம்ப்யூட்டருக்குள் சொருகி இந்திய மொழிகளை அச்சிட்டார்கள். அது எங்கும் பரவவில்லை. பின்னால் பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கம் வந்து, ஒரு கம்ப்யூட்டரில் அடித்தது இன்னொன்றில் குப்பையாகத் தெரிந்தது. 2010இல்தான் தமிழ்நாட்டு அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. தனி மொழி வைத்துக்கொள்வதன் கேடு பிரிண்டர்காரர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. எடைச் சீட்டும் லாரி ரசீதும் இன்றைக்கும் ஆங்கிலத்தில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். கிழங்கு கொண்டுவந்த விவசாயிக்கு எண் மட்டும் புரிந்தால் போதும் என்று விட்டுவிட்டோம். தமிழில் வேண்டுமென்றால் எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பவேண்டும். பிரிண்டர் மெதுவாகும், ஆனால் செய்யும். சீட்டின் தலைப்புகளையாவது தமிழில் முன்கூட்டியே அச்சடித்த தாளை வாங்கிப் போட்டால் அந்தப் பாதிப் பிரச்சினை தீரும்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் இன்று சாயங்காலமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிரிண்டர் டிரைவரின் நிறுவல் கோப்பு, எடைமேடை புரோகிராம் இருக்கும் ஃபோல்டர் முழுசாக, அந்த 'நெட் யூஸ்' கட்டளை வரி, ஹார்டுடிஸ்க்கின் அச்சு அசலான ஒரு படி ஆகியவற்றை ஒரு பென்டிரைவில் எடுத்து வைப்பது. இரண்டாயிருந்தால் இன்னும் நல்லது, பென்டிரைவும் சாகும். எந்த விண்டோஸ், 32 பிட்டா 64 பிட்டா என்பதை ஒரு தாளில் எழுதி அதோடு சுற்றி, ரிப்பன் டப்பா இருக்கும் அதே டிராயரில் போட்டுவிடலாம். சர்வீஸ் ஆள் வந்து 'இதுக்கு டிரைவர் எங்கயும் கிடைக்காதுங்க' என்று சொல்லும் நாளில் முதலில் திறக்கப்போவது அந்த டிராயரைத்தான்.